மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம்



மாணவர் பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம்ம மலரில் கவிதைக்குப் பஞ்சமே வந்தது கிடையாது. காதல், மழை, அம்மா மூன்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். நான் நேரில் போய்ப் பார்த்து வந்த ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். அது சென்னை கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகம். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கடைசி வரை பொறுமையாகப் படிக்கவும்!

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. அமைப்பியல் துறையில் கடைசி ஆண்டு படிக்கிறேன். அப்பா கொத்தனார். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். தம்பி ஒன்பதாவது படிக்கிறான். மூன்று வருடத்திற்கு முன்னால் அப்பா கோட்டூர்புரத்தில் ஒரு அடுக்குமாடி வேலையில் எட்டு மாதம் இருந்தார். தினமும் அந்தப் பல்கலைக்கழக மதில் சுவர் ஓரமாகத்தான் நடந்து போவாராம். "உள்ளே என்னப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன். "மரம் நிறைய இருக்கும்மா. நமக்கு உள்ளே என்ன வேலை?" என்றார். அந்தப் பதில் எனக்குள் ஏதோ செய்தது.

விலாசத்தைப் பாருங்கள்

நம்முடைய தேர்வை நடத்துவதும், மதிப்பெண் பட்டியல் தருவதும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அதன் விலாசம் கிண்டி, சென்னை 600 025. அண்ணா பல்கலைக்கழகத்தின் விலாசத்தை எடுத்துப் பாருங்கள். அதுவும் சென்னை 600 025 தான்! இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சர்தார் படேல் சாலையில் இருக்கின்றன. நம் விடைத்தாளுக்கு மார்க் வரும் இடம், அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு அண்டை வீடு. சம்பந்தம் இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

எட்டுப் பையன்களோடு ஆரம்பம்

இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் கிண்டி பொறியியல் கல்லூரி. அதன் வேரைத் தேடினால் 1794ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி நாடு பிடிக்கப் பிடிக்க, நிலத்தை அளக்க ஆள் போதவில்லை. சீமையிலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு அதிகம். அதனால் இங்கேயே பையன்களைப் பழக்கலாம் என்று மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளர் யோசனை சொன்னார். புனித ஜார்ஜ் கோட்டை நிர்வாகத்தின் கீழ் அந்த 1794 மே மாதம் நில அளவைப் பள்ளி ஆரம்பமானது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டே எட்டுப் பேர்!

அந்த எட்டுப் பேரும் பெரிய இடத்துப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிச் சிப்பாய்களின் பிள்ளைகளை வளர்த்த அநாதை இல்லத்திலிருந்து அழைத்து வரப்பட்ட பையன்கள் அவர்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது. பெரிய பெயர் வாங்கிய அந்த இடம், போக்கிடம் இல்லாத பிள்ளைகளை வைத்துத்தான் தொடங்கியிருக்கிறது.

பிறகு 1850களின் இறுதியில் பள்ளி, சிவில் இன்ஜினீயரிங் கல்லூரியாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கே இன்ஜினீயர் வகுப்பு மட்டும் நடக்கவில்லை. ஓவர்சியர், சர்வேயர், படம் வரைவோர் ஆகியோருக்கும் அங்கேயே பயிற்சி கொடுத்தார்கள். இன்றைக்கு டிப்ளமோ படிக்கும் நாம் யாருடைய வாரிசு? அந்த ஓவர்சியர்களின் வாரிசுதான்! ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் பின்னால் தனிக்குடித்தனம் போனோம், அவ்வளவே.

1894ல் இயந்திரவியல் வந்தது. கல்லூரி சேப்பாக்கத்தில் இருந்து 1920ல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. 1930ல் மின்னியல் சேர்ந்தது.

சங்கிலி பிடித்த கைகளுக்கு

சர்வே பிராக்டிகல் என்றாலே நமக்கு வெயிலும் தலைவலியும்தான். சங்கிலியைப் பிடித்து, ரேஞ்சிங் ராடை நட்டு, இருநூறு மீட்டர் ஓட்டுவதற்குள் "போதும்டா சாமி" என்று வேப்பமர நிழலைத் தேடுகிறோம். கிண்டிக்குப் பக்கத்தில் பரங்கிமலை இருக்கிறதல்லவா? அங்கேதான் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்பவர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். நூறடி இரும்புச் சங்கிலியை வைத்துச் சுமார் 12 கிலோமீட்டரை அளக்க அவருக்கு 57 நாள் ஆனது. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்து, கடைசியில் இமயமலையின் உயரத்தையே கணக்கிட்ட மாபெரும் அளவைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அவருடைய தியோடலைட் அரை டன் எடை! நம்ம லேப் தியோடலைட்டைத் தூக்கி வரவே "நீ தூக்கு, நான் தூக்கு" என்று சண்டை போடுகிறோம்.

அடிக்கோடு ஒன்று சரியாக இருந்தால் மற்ற எல்லா முக்கோணமும் அதன் மேல் சரியாக உட்காரும் என்று நம் சார் வகுப்பில் சொன்னபோது மார்க்குக்காக எழுதி வைத்துக்கொண்டேன். குடும்பத்தில் முதலாவதாகப் படிக்கிற பிள்ளையும் ஓர் அடிக்கோடு மாதிரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு சேர்ந்து ஒன்று

பல்கலைக்கழகம் என்ற உருவம் வந்தது 1978 செப்டம்பர் 4ஆம் தேதி. அன்று வைத்த பெயர் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1982ல் அது அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருங்கியது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்து, 1967ல் முதலமைச்சர் ஆனவரின் பெயர் அது. நான்கு நிறுவனங்களைச் சேர்த்துத்தான் இதை உருவாக்கினார்கள்.

ஒன்று, மேலே சொன்ன கிண்டி பொறியியல் கல்லூரி. இரண்டாவது, 1944ல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 5 லட்சம் ரூபாயில் உருவானது. மூன்றாவது, குரோம்பேட்டையில் 1949ல் ஆரம்பித்த எம்.ஐ.டி. அதைத் தொடங்கிய சி.ராஜம், தன் சொந்த வீட்டையே விற்றுப் பணம் போட்டவர். நம்ம அப்துல் கலாம் ஐயா விமானவியல் படித்தது அங்கேதான். எழுத்தாளர் சுஜாதா படித்ததும் அங்கேதான். நான்காவது, 1957ல் தோன்றிய கட்டடக் கலைப் பள்ளி. இதில் எம்.ஐ.டி. மட்டும் குரோம்பேட்டையில். மற்ற மூன்றும் கிண்டி வளாகத்திலேயே.

2001ல் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளை இதனோடு இணைத்தார்கள். இடையில் பல பல்கலைக்கழகங்களாகப் பிரித்து, 2012ல் மறுபடியும் ஒன்றாக்கினார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. 2010ஆம் ஆண்டு அமைப்பியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியில் நடத்த ஆரம்பித்தார்கள். இங்கிலீஷைக் கண்டு பின்வாங்குகிற என் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டத்தில் திருத்திய ஒரு சொல்

இந்தப் பகுதியைத் தோழிகள் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அ. லலிதா என்று ஒருவர். 1919ல் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் விதவை என்றால் வீட்டு மூலைதான். ஆனால் அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். மகளைப் படிக்க வைக்க முடிவு செய்து கல்லூரி முதல்வரிடம் பேசினார். 1940ல் லலிதா மின்னியலில் சேர்ந்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி! துணைக்கு ஆள் வேண்டுமே? அப்படி வந்து சேர்ந்தவர்கள் பி.கே.த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ். இருவரும் அமைப்பியல். பட்டம் கொடுக்கும் நாள் வந்தபோது சான்றிதழில் 'அவன்' என்று அச்சடித்திருந்த ஆங்கிலச் சொல்லை அடித்து, 'அவள்' என்று மாற்றிக் கொடுத்தார்களாம்.

லலிதா பின்னால் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது பக்ரா நங்கல் அணையின் மின் நிலைய வடிவமைப்பில் பங்கெடுத்தார். 1964ல் நியூயார்க்கில் நடந்த முதலாவது சர்வதேசப் பெண் பொறியாளர் மாநாட்டுக்குப் போனார். த்ரேசியா 1971ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

எனக்கும் இப்போது வயது பதினெட்டு. "டிப்ளமோ முடிஞ்சா போதும்டி, ஒரு இடம் பார்த்து முடிச்சிடலாம்" என்று சொந்தக்காரர்கள் அம்மாவின் காதில் ஓதுகிறார்கள். லலிதாவுக்குப் பேராசிரியர் அப்பா இருந்தார். எனக்குக் கொத்தனார் அப்பா. அவரை எப்படியாவது அந்த வளாகத்துக்குள் ஒரு தடவை கூட்டிப் போக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அப்பாவோடு ஒரு நாள்

எங்கள் ஊர் அக்கா ஒருவர் அங்கே படிக்கிறார். அவரிடம் சொல்லி வைத்து, ஒரு சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்தோம். எனக்கு இலவச டிக்கெட், அப்பாவுக்குக் காசு டிக்கெட். "படிக்கிற புள்ளைக்கு மரியாதை பாரு" என்று சிரித்தார். வாசலில் வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அப்பா பின்னால் நகர்ந்துவிட்டார். அக்கா வந்து எங்கள் இருவர் பெயரையும் எழுதினார்.

உள்ளே அப்பா சொன்னது உண்மைதான், மரம் நிறைய. ஆனால் மரத்துக்கு நடுவில் அந்தச் சிவப்புக் கட்டடம் தெரிந்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். நீளமான முகப்பு, வரிசையாக வளைவுகள், நடுவில் கோபுரம். நூறு வருடம் தாண்டிய கட்டடம். நான் போட்டோ எடுக்கலாம் என்று திரும்பினால் அப்பாவைக் காணோம்! வராந்தா ஓரத்தில் ஒரு வளைவுக்குக் கீழே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது அவர் நிற்கும் அதே நிலை.

"ஒரு இடத்துலயும் பிசகல பாரு. சாரம் கட்டி, வளைவுக்குப் பலகை அடிச்சு, ஒவ்வொண்ணா வச்சிருக்கான். கட்டின கொத்தனார் பேரு எங்கேயாச்சும் எழுதியிருக்காம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். முதல்வர்கள் பெயர் பலகையில் இருக்கிறது. கொத்தனார் பெயர் எங்கள் கண்ணில் படவில்லை.

வளாகத்து வழக்கங்கள்

அக்கா சுற்றிக் காட்டிக்கொண்டே சொன்னவற்றையும், நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

'டெக்கோஃபெஸ்' என்பது அவர்களுடைய கலைவிழா. 1948ல் இருந்து வரும் பழக்கம். பாட்டு, நாடகம், வினாடி வினா என்று வெளிக் கல்லூரி மாணவர்களும் வந்து கலந்துகொள்வார்கள். 'குருக்ஷேத்ரா' என்பது 2007ல் தொடங்கிய தொழில்நுட்ப விழா. ரோபோவை மோத விடுவது முதல் பாலம் மாதிரி செய்து எடை ஏற்றிப் பார்ப்பது வரை எல்லாவற்றையும் மாணவர்களே முன்னின்று நடத்துகிறார்கள். 'கிண்டி டைம்ஸ்' என்று மாணவர்களே நடத்தும் செய்தித்தாளும் உண்டு. நம்ம ஆண்டு மலருக்குக் கட்டுரை வாங்கவே பேரவைச் செயலாளர் காலில் விழாத குறையாக அலைவதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நாடகம் போடுவது அங்கே பழைய வழக்கம். இயந்திரவியல் மாணவராக இருந்த மோகன், 1972ல் கல்லூரிப் போட்டிக்காக ஒரு வங்கிக் கொள்ளைச் சிரிப்பு நாடகம் எழுதினார். அவர்தான் பின்னாளில் நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்த கிரேஸி மோகன். விளையாட்டிலும் குறைவில்லை. கிரிக்கெட் வீரர்கள் வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த் இருவரும் கிண்டி மாணவர்கள். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் ஸ்ரீகாந்த், 38 ரன். பால் வளத்துக்குப் பெயர் பெற்ற வர்கீஸ் குரியனும் இங்கே இயந்திரவியல் படித்தவர்தான்.

2004 பிப்ரவரி 1 அன்று 'அண்ணா எஃப்.எம்.' என்ற சமுதாய வானொலி வளாகத்திலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. நாட்டில் இந்த மாதிரி வளாக வானொலிக்கு இதுவே முன்னோடி. சுற்று வட்டாரத்து மக்களுக்காக அவர்களையே பேச வைத்த வானொலி அது. 2009 ஏப்ரல் 20 அன்று, பல்கலைக்கழகத்தில் உருவான 'அனுசாட்' என்ற 40 கிலோ செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. எட்டுப் பையன்கள் சங்கிலி பிடிக்கக் கற்றுக்கொண்ட பள்ளி, வானத்திலிருந்து பூமியைப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது!

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் வேறு. அமைப்பியல் மாணவர்கள் இன்றும் இரண்டு வாரம் சர்வே முகாம் போகிறார்கள். டோட்டல் ஸ்டேஷன் வந்தால் என்ன, கருவியைத் தோளில் சுமந்து வெயிலில் நிற்பது 1794ல் ஆரம்பித்த பழக்கம். அது நமக்கும் பொதுவானதே.

நமக்கு என்ன வழி?

டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விவரம் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறோம். முடிவு வந்த பிறகு விண்ணப்பம் போட வேண்டும். மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை வரும். கலந்தாய்வில் கல்லூரியும் பிரிவும் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வருடம், ஆறு பருவம். இணைப்புக் கல்லூரி எதில் சேர்ந்து படித்தாலும் பட்டத்தில் வரும் பெயர் அண்ணா பல்கலைக்கழகம்.

குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லையென்றால், 2010ல் கொண்டு வந்த முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை உண்டு. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்து, வருவாய்த் துறையில் சான்றிதழ் வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். வி.ஏ.ஓ. லீவில் போயிருப்பார்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நான் வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது. இதை மறைக்காமல் திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். திண்டிவனம் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன்.

"எத்தனை வருஷம்னு சொன்னே?"

"மூணு, அப்பா."

விரல் விட்டு எண்ணினார். "அதுக்குள்ள தம்பி பன்னெண்டாவது முடிச்சிடுவான்."

"ஆமாப்பா. நான் வேலைக்குப் போய்டுவேன். அவன் ஃபீஸை நான் கட்டறேன்."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது: "உள்ளே மரம் மட்டும் இல்ல. நல்ல வேலைப்பாடான கட்டடம். இவ பேரை நோட்டுல எழுதினாங்க."

இன்னும் எதுவும் முடிவாகவில்லை, நண்பர்களே. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நாம் கடைசிப் பருவத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருப்போம். மார்க் வர வேண்டும், சான்றிதழ் வர வேண்டும், வீட்டில் ஒரு வார்த்தை வர வேண்டும். ஆனால் அன்று மதிலுக்கு வெளியே நடந்தவர், இன்று உள்ளே போய் ஒரு வளைவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். லீவு கிடைக்கும்போது மாயாஜால், மெரினா என்று சுற்றுகிறோமே, அதில் ஒரு அரை நாளை ஒதுக்கி, தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் கேட்டு, அந்த வளாகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அப்பாவையோ அம்மாவையோ கூட அழைத்துப் போங்கள். வாசல் நோட்டில் அவர்கள் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.

அனைவரும் நல்ல மதிப்பெண் பெற வாழ்த்துகிறேன்.